வஹாகா நகரில் இருவராகத் தங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் தெற்கில் இருக்கும் வஹாகா நகரில் நானும் என் கணவரும் முதுகுப்பைகளோடு போய் இறங்கி, ஒரு சின்ன அறை எடுத்து வாரக்கணக்கில் தங்கினோம். அதன் பிறகு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. வாடகையும் நுழைவுக் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் அந்த எண்களைத் தரவில்லை.

மெக்சிகோ என்றால் எல்லோரும் கான்குன் கடற்கரைக்குத்தானே போகிறார்கள்? ஏன் வஹாகா?

கடல் வேண்டுமென்றால் கான்குன் போங்கள். ஒரு பழைய ஊரில் கொஞ்ச காலம் குடியிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் வஹாகா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், மூன்று பள்ளத்தாக்குகள் கூடும் இடத்தில் இருக்கிறது. ஸ்பானியர்கள் 1520களில் இங்கே குடியேறி ஆந்தெகேரா என்று பெயர் வைத்தார்கள். 1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அதற்கு நகர அந்தஸ்து கொடுத்தார். மெக்சிகோ நகரத்துக்குத் திட்டம் வகுத்த அலோன்சோ கார்சியா பிராவோதான் இந்த ஊருக்கும் தெருக்களைச் சதுரம் சதுரமாக வகுத்தார். வழி தவறினாலும் நாலு தெரு தள்ளி மறுபடி பிடித்துவிடலாம்.

கட்டடங்கள் பச்சை சாயல் கொண்ட உள்ளூர்க் கல்லால் ஆனவை. மழை பெய்து முடித்ததும் அந்தப் பச்சை நன்றாகத் தெரியும். வீடுகள் ஒரு மாடி, இரண்டு மாடிக்கு மேல் போவதில்லை. சுவர்கள் ஒரு கை நீளத்துக்குத் தடிமன். அடிக்கடி பூமி அதிரும் ஊர் என்பதே காரணம். 1931 ஜனவரியில் வந்த நிலநடுக்கம் நகரத்தைப் பெரிதும் சிதைத்தது.

ஸ்பானிய வாசனைக்காகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரின் உயிர் சபோதெக், மிஷ்தெக் என்ற பூர்வகுடி மக்களிடம் இருக்கிறது. வஹாகா மாநிலத்தில் 16 பூர்வகுடி இனங்கள் அரசு அங்கீகாரம் பெற்றவை. சந்தையில் காய் விற்பவர், கம்பளம் நெய்பவர், மண்பாண்டம் வனைபவர் எல்லோரும் அவர்கள்தான். மெக்சிகோவின் பெரிய தலைவரான பெனிதோ ஹுவாரெஸ் சபோதெக் சிறுவனாக, 12 வயதில், 1818இல் மலைக் கிராமமான குவேலதாவோவிலிருந்து இந்த நகரத்துக்கு நடந்தே வந்தவர். அவருக்கு இடம் கொடுத்த புத்தகக் கட்டுநரின் வீடு இன்று சிறிய அருங்காட்சியகம். ஆடம்பரமே இல்லாத வீடு, அவசியம் பாருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா? எப்படிப் போவது?

வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்கும் இதே சலுகை உண்டு. விதிகள் மாறக்கூடும் என்பதால் பயணச்சீட்டு போடுவதற்கு முன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே நுழையும்போது அதிகாரி எத்தனை நாள் அனுமதி எழுதியிருக்கிறார் என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 180 நாள் என்பது உச்ச வரம்பு. எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

மெக்சிகோ நகரத்தின் தாப்போ பேருந்து நிலையத்திலிருந்து 'அதோ' (ADO) நிறுவனத்தின் பேருந்து ஆறு, ஏழு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், போர்வை கையில் இருக்கட்டும். இரவு வண்டியை விடப் பகல் வண்டியையே சொல்வேன். கள்ளிக் காடுகள் நிறைந்த வறண்ட மலைகளைத் தாண்டும் அந்த வழியைத் தூங்கிக் கழிக்கக் கூடாது. இந்திய நேரத்துக்கு வஹாகா 11½ மணி நேரம் பின்னால். வீட்டுக்குப் பேச அங்கே காலை எட்டு மணி சரியான நேரம்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் மார்ச் வரை வறண்ட, இதமான காலம். ஏப்ரல், மே வெயில் காயும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, ஆனால் பெரும்பாலும் மாலையில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஜூலை 16க்குப் பின் வரும் இரண்டு திங்கட்கிழமைகளில் கெலகெட்சா நடன விழா. அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை இறந்தோர் நாள். கல்லறைத் தோட்டங்களில் குடும்பங்கள் சாமந்திப் பூவும் மெழுகுவத்தியும் வைத்து இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும். டிசம்பர் 23 அன்று முள்ளங்கியில் சிற்பம் செதுக்கும் போட்டி, 1897 முதல் நடக்கிறது. இந்த மூன்று சமயங்களிலும் அறை கிடைப்பது கடினம். திருவிழாக் கூட்டம் இல்லாத சாதாரண வாரத்தில் போவதையே நான் சொல்வேன். சந்தைப் பெண்களுக்கு நம்மிடம் நின்று பேச நேரம் இருக்கும்.

இருவருக்கு எப்படிப்பட்ட அறை? மணமாகாதவர்களுக்குச் சிக்கல் உண்டா?

யாரும் கேட்பதில்லை, எந்தச் சான்றும் காட்டத் தேவையில்லை. ஒரே பாலினத் திருமணமும் 2019 முதல் இந்த மாநிலத்தில் சட்டப்படி செல்லும். ஒரே பெரிய கட்டில் வேண்டுமென்றால் 'மாத்ரிமோனியல்' என்று கேளுங்கள். 'தோப்லே' என்றால் இரண்டு கட்டில் போட்ட அறை வரலாம்.

பேக்பேக்கர் விடுதியின் பொதுக்கூடத்தில் ஆளுக்கொரு கட்டில் எடுத்தால் மலிவு என்று நினைப்போம். இரண்டு கட்டிலுக்கான தொகையைக் கூட்டிப் பாருங்கள். குடும்பங்கள் நடத்தும் எளிய விடுதியில் ஒரு தனியறையின் வாடகை அதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். வாரக் கணக்கில் தங்குவதாகச் சொன்னால் இன்னும் குறைப்பார்கள். நடுவில் முற்றம், சுற்றி அறைகள், முற்றத்தில் துணி துவைக்கும் கல்தொட்டி என்று அமைந்த வீடுகளைத் தேடுங்கள். தெருவைப் பார்த்த அறையை விட முற்றத்தைப் பார்த்த அறையில் தூக்கம் நன்றாக வரும். வண்ணச் சுவர்களும் கல் பாவிய தெருக்களும் கொண்ட ஹலத்லாகோ பகுதி அழகானது, விலையும் அதிகம். பழைய நீர்க்கால்வாயின் வளைவுகளுக்கு அடியில் வீடுகள் இருக்கும் சோச்சிமில்கோ பகுதி அமைதியானது.

எத்தனை நாள் போதும்?

மூன்று நாளில் பட்டியலை முடித்துவிடலாம். ஆனால் குறைந்தது ஒரு முழு வாரமாவது இருங்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் நான் வற்புறுத்தும் விஷயம். இந்தப் பள்ளத்தாக்கு வாரச் சந்தையின் கணக்கில் இயங்குகிறது. ஞாயிறு த்லாகோலுலா, புதன் எத்லா, வியாழன் சாச்சிலா, வெள்ளி ஒகோத்லான் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு இது. ஒரு சுற்று முழுவதும் இருந்து பார்த்தால்தான் நகரத்துச் சந்தையில் நாம் வாங்கும் பாலாடைக்கட்டியும் அவரையும் எங்கிருந்து வருகின்றன என்று புரியும்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

நானும் சைவம்தான், என் கணவர் எல்லாம் சாப்பிடுவார். பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் பன்றிக் கொழுப்பு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். த்லயுதா என்பது வஹாகாவின் அடையாளமான உணவு. தாம்பாளம் அளவு மொறுமொறுப்பான மக்காச்சோள ரொட்டியில் அவரை விழுதைப் பூசி, நூல் நூலாகப் பிரியும் கெசியோ என்ற பாலாடைக்கட்டியைத் தூவிக் கரியடுப்பில் வாட்டுவார்கள். பார்த்தால் சைவம்போல இருக்கும். அவரைக்கு அடியில் 'அசியெந்தோ' என்ற பன்றிக் கொழுப்புப் பூச்சு இருக்கும். அவரையைத் தாளிப்பதும் கொழுப்பில்தான். சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கும். மோலே குழம்புகளுக்கும் பெரும்பாலும் கோழிச் சாறுதான் அடிப்படை.

மனப்பாடம் செய்ய வேண்டியது இதுதான்: 'சின் கார்னே, சின் மந்தேகா, சின் அசியெந்தோ, சின் கால்தோ தெ போயோ'. இறைச்சி, கொழுப்பு, கொழுப்புப் பூச்சு, கோழிச் சாறு எதுவும் வேண்டாம் என்று பொருள். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மேலே இருக்கும் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டால் சமைக்கும் அம்மா ஒவ்வொன்றாக யோசித்து, எது சாத்தியம் எது முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை நிறைய உண்டு. பூசணிப் பூவும் கெசியோவும் வைத்து மடித்த கெசதியா என்ற ரொட்டி, மக்காச்சோளக் கதிரில் வளரும் கரிய காளான் வைத்தது, சப்பாத்திக்கள்ளி மடலை வாட்டி நறுக்கியது. சந்தையில் கொய்யா, பப்பாளி, சப்போட்டா, சீத்தாப்பழ வகைகள் குவிந்திருக்கும். நம்மூர்ப் பழம் என்று கை நீளும். உண்மையில் இவையெல்லாம் அமெரிக்க மண்ணிலிருந்து நம் ஊருக்கு வந்தவை. மிளகாயும் அப்படித்தான்.

தேஹாதேயை மறக்க வேண்டாம். மக்காச்சோளம், சாக்லேட்டுக்கு மூலமான கக்காவோ, மாமேப் பழத்தின் கொட்டை, ஒரு வகைப் பூ எல்லாவற்றையும் அரைத்த பானம். பெண்கள் பெரிய மண் தாழியில் முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்து பிசைந்து, மேலிருந்து தண்ணீரை ஊற்றுவார்கள். வெள்ளை நுரை திரண்டு மிதக்கும். வண்ணம் தீட்டிய சுரைக் குடுவையில் நுரையை முதலில் அள்ளி வைத்துத் தருவார்கள். வெயிலில் அலைந்த பிறகு அந்தக் குளிர்ச்சிக்கு ஈடே இல்லை.

அசைவம் சாப்பிடுபவர் எங்கே போக வேண்டும்?

'நவம்பர் 20' என்ற பெயர் கொண்ட சந்தையின் புகைச் சந்துக்கு. இரு பக்கமும் கரியடுப்புகள், மேலே தொங்கும் மாட்டு, பன்றி இறைச்சித் தாள்கள். எடை போட்டு வாங்கினால் அங்கேயே வாட்டித் தருவார்கள். வெங்காயத்தாள், ரொட்டி, சல்சா தனித்தனி ஆட்களிடம் வாங்கிச் சேர்க்க வேண்டும். கறுப்பு மோலேயை ஒரு முறையாவது உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். மிளகாயைக் கருக வறுத்து, பட்டை, கிராம்பு, மிளகு, எள், கொஞ்சம் சாக்லேட் எல்லாம் சேர்த்து நாள் முழுக்கக் காய்ச்சுவது. வறுத்த வெட்டுக்கிளி பூண்டும் எலுமிச்சையும் உப்புமாக இருக்கும் என்பது என் கணவரின் தீர்ப்பு.

அதே சந்தையை ஒட்டிய மினா தெருவில் சாக்லேட் ஆலைகள். நம்மூர் மாவு மில் மாதிரியேதான்: கக்காவோ, பாதாம், பட்டை, சர்க்கரை எதெது எவ்வளவு என்று நாம் சொன்னால், கண்ணெதிரே அரைத்து வெதுவெதுப்பான விழுதாகப் பையில் கட்டித் தருகிறார்கள். தெருவே மணக்கும். காலையில் அதைத் தண்ணீரிலோ பாலிலோ கடைந்து, முட்டை சேர்த்த ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

நகரத்துக்குள் எதைத் தவற விடக் கூடாது?

சாந்தோ தொமிங்கோ தேவாலயமும் அதை ஒட்டிய மடமும். 16ஆம் நூற்றாண்டில் தொமினிக்கத் துறவிகள் கட்டத் தொடங்கியது. உள்ளே கூரை முழுக்கப் பொன் பூசிய சுதை வேலை. மடம் பிற்காலத்தில் ராணுவக் குடியிருப்பானது. 1998இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நகருக்கு வெளியே இருக்கும் பழைய சபோதெக் தலைநகரமான மோந்தே அல்பானின் ஏழாம் எண் கல்லறையில் தொல்லியலாளர் அல்போன்சோ காசோ 1932இல் கண்டெடுத்த மிஷ்தெக் பொன் நகைகள், டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த மண்டையோடு, நூலளவு மெல்லிய செதுக்கல் கொண்ட ஜாகுவார் எலும்புகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் குனிந்து அந்த எலும்புகளைப் பாருங்கள்.

இந்த மடத்தை ஹோட்டலும் வாகன நிறுத்தமும் ஆக்கவிடாமல் போராடியவர்களில் முன்னே நின்றவர் ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ. 2002இல் நகரின் மையச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் வரவிருந்தபோதும் எதிர்த்து, அங்கேயே மக்களுக்கு உள்ளூர் உணவை இலவசமாகப் பரிமாறிப் போராட்டம் நடத்தி நிறுத்தினார். தேவாலயத்துக்கு எதிரில் அவர் உருவாக்கிய ஓவிய நூலகம் இருக்கிறது. செடி படர்ந்த முற்றம், மேசை நிறையக் கலைப் புத்தகங்கள். மதிய வெயிலுக்கு அங்கே ஒதுங்குவது எங்கள் வழக்கமானது.

சனிக்கிழமை மாலைகளில் சாந்தோ தொமிங்கோ வாசலில் நில்லுங்கள். கல்யாண ஊர்வலம் வரும். பித்தளை வாத்தியம், மணமக்களைப் போல இரண்டாள் உயரப் பொம்மைகள், பூக்கூடையோடு ஆடும் பெண்கள். கும்பலோடு நீங்களும் கொஞ்ச தூரம் நடக்கலாம், முகம் சுளிக்க மாட்டார்கள். சோலேதாத் கோயில் முற்றத்தில் ஐஸ் விற்கிறார்கள்: கருகிய பாலும் சிவப்புக் கள்ளிப்பழமும் ஒரே கிண்ணத்தில். இருவருக்கு ஒன்று போதாது.

மோந்தே அல்பானுக்குச் சுற்றுலா வண்டி பிடிக்க வேண்டுமா?

தேவையில்லை. மினா தெருவிலிருந்து வேன்கள் போகின்றன; ஒன்பது, பத்து கிலோமீட்டர்தான். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், மேலே நிழலே கிடையாது. சபோதெக் மக்கள் சுமார் கி.மு. 500இல் ஒரு மலையுச்சியையே மட்டமாக்கிக் கட்டிய தலைநகரம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி நடந்தது. நடனக்காரர்கள் என்று பெயர் பெற்ற செதுக்கு உருவங்கள், கொல்லப்பட்ட கைதிகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

கிழக்கே மித்லாவுக்குப் போகும் பேருந்து வழியிலேயே தூலே மரம் வரும். உலகிலேயே மிகத் தடித்த அடிமரம் கொண்டது. மித்லாவின் பழைய அரண்மனையில் சிறு கற்களை வெட்டிப் பொருத்திய கோலம் போன்ற சுவர் வேலைப்பாடுகள் உண்டு. அந்த அரண்மனையின் கற்களை எடுத்து அதன் மேலேயே ஸ்பானியர்கள் கட்டிய தேவாலயமும் நிற்கிறது. இயெர்வே எல் அகுவா என்ற, அருவி போலத் தோன்றும் பாறை கிராமத்தாரின் பொறுப்பில் இருக்கிறது. அவர்களுக்குள் வழக்கு வந்தால் மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டுப் போங்கள்.

கம்பளம், துணி எதையாவது வாங்கலாமா? முதுகுப்பையில் இடமில்லையே?

ஒரு சிறிய கம்பளத்துக்கு இடம் பண்ணுங்கள். தெயோதித்லான் தெல் வாயே என்ற நெசவுக் கிராமத்துக்கு நேரே போய் நெய்தவரிடம் வாங்குங்கள். ஒரு வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, நெசவாளர் அம்மா சாம்பல் நிறத்தில் காய்ந்த சின்னப் பூச்சிகளை உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்கினார். ரத்தச் சிவப்பு. எலுமிச்சை இரண்டு சொட்டு பிழிந்தார், ஆரஞ்சாக மாறியது. பிறகு ஒரு சிட்டிகை சுண்ணாம்பு, ஊதாவானது. ஒரே கையில் மூன்று நிறம்.

சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினியா பூச்சி அது. ஸ்பானியர் காலத்தில் மெக்சிகோவிலிருந்து போன பொருள்களில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இந்தச் சிவப்புக்குத்தான். அதை விளைவித்தது இந்தப் பகுதி விவசாயிகள். இதன் ரகசியத்துக்கு ஐரோப்பாவே ஏங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு இந்தச் சாயத்தை எடுக்க முயன்றார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது, ஆனால் அது தரமான இனம் அல்ல. வஹாகாவின் சிவப்பு சென்னையில் கிடைக்கவில்லை. வந்த பூச்சி தென்னிந்தியாவில் பரவியிருந்த ஒரு கள்ளி இனத்தைத் தின்று தீர்த்தது. சாந்தோ தொமிங்கோவின் பின்புறத் தாவரத் தோட்டத்தில் இந்தப் பூச்சி வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும் கள்ளிகளைப் பார்க்கலாம்.

பேரம் பேசுவதைப் பற்றி: ஒரு கம்பளத்துக்கு வாரக் கணக்கில் உழைப்பு போகிறது. சொன்ன விலை நம் கைக்கு எட்டாவிட்டால் சிறியதாக ஒன்று எடுங்கள், விலையை நெருக்க வேண்டாம்.

தண்ணீர், உடம்பு, நிலநடுக்கம்?

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. விடுதிகளில் பெரிய கேனில் குடிநீர் இருக்கும், புட்டியில் பிடித்துக்கொள்ளலாம். நகரத்தில் தண்ணீர்ப் பற்றாக்குறை கடுமை. முறை வைத்துத்தான் விடுகிறார்கள், பல வீடுகள் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. குளியலைச் சுருக்குங்கள்.

நிலநடுக்க எச்சரிக்கை ஒலிபெருக்கி ஒலித்தால் கேள்வி கேட்காமல் எல்லோரோடும் திறந்தவெளிக்குப் போய்விடுங்கள். தங்கும் முதல் நாளே, பிரிந்திருக்கும்போது எச்சரிக்கை வந்தால் எந்தச் சதுக்கத்தில் சந்திப்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பானதா? ஸ்பானிஷ் தெரியாதே?

நகர மையத்தில் இரவு பத்து மணிக்கும் குடும்பங்கள் குழந்தைகளோடு உலாவுகின்றன. ஏடிஎம்மை வங்கிக்குள் பயன்படுத்துங்கள், டாக்சியில் மீட்டர் கிடையாது என்பதால் ஏறும் முன் விலை பேசுங்கள், ஃபோர்த்தின் குன்றுப் படிக்கட்டில் ஆளில்லாத நேரத்தில் ஏறாதீர்கள். ஆசிரியர் சங்கப் போராட்டங்களில் சாலை மறியல் வரும். அது பயணிகளுக்கு எதிரானது அல்ல. ஆனால் விமானம் பிடிக்கும் நாளில் முன்கூட்டியே கிளம்புங்கள்.

ஆங்கிலம் சுற்றுலா இடங்களில் மட்டும்தான். எண்கள், காய்களின் பெயர்கள், வணக்கம் இவற்றையாவது படித்துவிட்டுப் போங்கள். கடைக்குள் நுழைந்ததும் 'புவேனஸ் தியாஸ்' சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

இருவரும் இருபத்துநாலு மணி நேரமும் சேர்ந்தே இருப்பதில் சண்டை வராதா?

வரும். ஒரே அறை, ஒரே பை, பசி, வெயில். நாங்கள் கண்ட வழி, காலை நேரத்தைப் பிரித்துக்கொள்வது. அவர் படம் பிடிக்கக் கிளம்பிவிடுவார், நான் சந்தைக்கு. இரண்டு மணிக்கு மேல் ஊரே நின்று நிதானமாக மதிய உணவு சாப்பிடும். அப்போது சேர்ந்துவிடுவோம், சொல்ல ஆளுக்கொரு கதை இருக்கும். பணத்தை இருவரும் பாதிப் பாதி வைத்திருங்கள். ஒருவர் ஒவ்வொரு முறையும் மற்றவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தால் அதிலேயே பாதிச் சண்டை பிறக்கும்.

நம்மைப் போன்ற பயணிகளால் உள்ளூர் மக்களுக்குத் தொல்லை இல்லையா?

இருக்கிறது. மையப் பகுதியில் வீட்டு வாடகை ஏறி, குடியிருந்தவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். 2024 ஜனவரியில் இதை எதிர்த்து நகரத்தில் பேரணியே நடந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்று நினைக்கிறேன். முழு வீட்டை இணையம் வழியாக எடுப்பதை விட, உள்ளூர்க் குடும்பம் தானே அங்கிருந்து நடத்தும் விடுதியில் தங்குங்கள். சந்தையில் சாப்பிடுங்கள். கல்லறைத் தோட்டத்தில், சந்தையில் யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வஹாகாவிலிருந்து அடுத்து எங்கே போகலாம்?

பசிபிக் கடற்கரையில் புவேர்த்தோ எஸ்கொந்திதோ. 2024 பிப்ரவரியில் திறந்த புதுச் சாலையால் மலைவழியில் ஆறேழு மணி நேரம் பிடித்த பயணம் மூன்று மணி நேரச் சுற்றுக்கு வந்துவிட்டது. மேகம் தவழும் சான் ஹோசே தெல் பசிஃபிகோ கிராமத்தைப் பார்க்க ஆசையென்றால் பழைய மலைப்பாதைதான் ஒரே வழி. வளைவுகள் கடுமை, வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, வேனில் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.